இரண்டே கால் நாள் கூலி

(பொள்ளாச்சியில் ஓய்வுபெற்றோர் கூடியிருந்த ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர் போனில் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார். "சார், எங்க ஆளுங்க பாதிப் பேர் மனசுல ஒரே கேள்விதான். கடைசிக் காலத்துக்குக் கோயமுத்தூர்ல ஒரு இடம் பார்க்கலாமா, இல்லை பாலக்காட்டுப் பக்கம் போயிடலாமா, எது கட்டுப்படியாகும்? நீங்க கணக்குத் தணிக்கையில இருந்தவர், வந்து சொல்லுங்க" என்றார். பொள்ளாச்சிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். கோபாலபுரம் தாண்டினால் கேரளம். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. பெண் கொடுத்ததும் எடுத்ததுமாக இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. ரேஷன் கார்டு மட்டும்தான் வேறு வேறு.

தணிக்கைக்காரன் என்றதும் இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் தமிழ்நாடு, வலது பக்கம் கேரளம் என்று எழுதி, அடியில் கூட்டல் போட்டுத் தருவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோவையைச் சுற்றி இருக்கும் முதியோர் குடியிருப்புகள் சிலவற்றின் கட்டணத் தாள்களை வாங்கினேன். பாலக்காடு, திருச்சூர்ப் பக்கத்திலும் வாங்கினேன். எல்லாம் வழவழ காகிதம். ஒரு தாத்தாவும் பாட்டியும் புல்தரையில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மாதக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கும். திருப்பிப் போட்டால் பொடி எழுத்தில், மேற்படி கட்டணத்தில் அடங்காதவை என்று ஒரு பட்டியல். டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள், தனி அட்டெண்டர், மருந்து, ஆம்புலன்ஸ். கடைசியில் ஒரு வரி: குடியிருப்பவரின் நடமாட்டம் குறைந்தால் கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது.

அந்தக் கடைசி வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டிருப்பது, தானே எழுந்து, தானே குளித்து, டைனிங் ஹாலுக்கு நடந்து வரும் ஆளுக்கான விலை. அது லாட்ஜ் வாடகையும் மெஸ் பில்லும் சேர்ந்த தொகை, அவ்வளவே. அதில் இரண்டு மாநிலங்களுக்கும் பெரிய வித்தியாசம் வராது. அரிசியும் காய்கறியும் ஒன்றுதான். திருச்சூர் இல்லத்தில் சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி ஏறிப் போனதாக இருக்கும். வரியும் ஒன்றுதான். அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற முதியோர் இல்லம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது என்று 2018-லேயே மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. படுக்கை நோயாளிக்கான டயப்பருக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பரில் 5 ஆனது. அதுவும் வாளையாறுக்கு இரு பக்கமும் ஒன்றே.

வித்தியாசம் தொடங்குவது மனிதர் படுக்கையில் விழுந்த பிறகு. அப்போது நீங்கள் வாங்குவது அறையை அல்ல, இன்னொருவருடைய கைகளை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. அதில் நாலைந்து தடவை நடுராத்திரியில். ஏர் பெட் வாங்கிப் போட்டாலும் புரட்டாமல் தீராது. இந்தப் பன்னிரண்டு புரட்டலை யார் செய்கிறார்கள், அவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதைத் தாண்டி முதியோர் பராமரிப்புச் செலவில் பெரிதாக வேறெதுவும் இல்லை என்றே சொல்லிவிடுவேன்.

ஆகவே கட்டணத் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கூலியைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில், கிராமப்புற விவசாயக் கூலி 2021-22-இல் கேரளத்தில் நாளொன்றுக்கு 726 ரூபாய் 80 காசு, தமிழ்நாட்டில் 445 ரூபாய் 60 காசு. நாட்டின் சராசரி 323 ரூபாய். அப்புறம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கைப் புரிந்துகொள்ள இந்த ஆண்டு போதும். முதியவரைப் பார்த்துக்கொள்வது, நாற்று நடுவதைவிடக் குறைந்த வேலை என்று யாரும் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதே கூலியைக் கொடுத்தால், முப்பது நாளைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 13,370 ரூபாய், கேரளத்தில் 21,800. இது எட்டு மணி நேர ஆளுக்கு. இரவும் பகலும் ஆள் வேண்டும், முறையாக மூன்று ஷிப்ட் போடுகிறோம் என்றால் இங்கே மாதம் 40,100, அங்கே 65,400. சாப்பாடு, மருந்து, டயப்பர் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது நீங்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். "எங்க பக்கத்து வீட்டுல ஹோம் நர்ஸ் இருக்காங்களே, இதுல பாதிகூட வாங்கறதில்லையே" என்று ஓர் அம்மா முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். எப்படிக் குறைகிறது? ஒரே பெண், இருபத்திநாலு மணி நேரமும் அந்த வீட்டிலேயே, ஒரு ஷிப்ட்டுக்கான காசுக்கு மூன்று ஷிப்ட் பார்க்கிறார். நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். கொடுக்கும் காசில் ஏஜென்சிக்காரருக்குக் கமிஷன் போகும். நர்ஸ் என்று பெயர்தானே தவிர, நர்சிங் படித்தவர் அபூர்வம். இடுக்கி, வயநாட்டுப் பக்கத்துப் பெண்கள் ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஊர் ஊராகப் போனார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருகிறார்கள். இன்னொரு சங்கதி: நான் சொன்ன ரிசர்வ் வங்கிக் கணக்கு ஆண் தொழிலாளியின் கூலி. பராமரிப்பு வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வாங்குவது எப்போதுமே அதற்குக் கீழே.

ஹோம் நர்ஸ் வைக்க முடியாத வீட்டில்? மருமகள், மகள், மனைவி. கூலி பூஜ்யம். நம் குடும்பங்களில் பராமரிப்பு மலிவாக நடக்கிறது என்று பெருமைப்படுகிறோமே, அந்த மலிவு இந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. எந்த மாநிலத்தில் செலவு குறைவு என்று கேட்டால், எங்கே பெண்ணின் உழைப்பைக் குறைத்துப் போடுகிறார்களோ அங்கே என்பதுதான் நேர்மையான பதில். கேரளத்தில் கூலி அதிகம், அதனால் செலவு அதிகம். அதைக் கேரளத்தின் குறையாகச் சொல்ல என் நாக்கு புரளவில்லை.

சரி, இந்தச் செலவில் அரசாங்கம் எவ்வளவு ஏற்கிறது? முதலில் பென்ஷன். நான் சொல்வது நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் பென்ஷன் இல்லை, ஏழை முதியவருக்கு வரும் பணம். தமிழ்நாடு இதில் முன்னோடிகளில் ஒன்று. 1962-லேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. கேரளம் 1980-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் கொண்டுவந்தது, வேலை செய்து ஓய்ந்தவனுக்கு உரிமையாகக் கொடுக்கிறோம் என்ற தொனியில். மத்திய அரசு அறுபது வயது முதல் எழுபத்தொன்பது வரை கொடுப்பது மாதம் 200 ரூபாய், எண்பது ஆனால் 500. அந்த 200 பதினைந்து வருஷத்துக்கு மேலாக அசையவே இல்லை. ஒரு நல்ல ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் காலி. மீதியை மாநிலங்கள் போட்டுக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் 1,000 ஆகி, பன்னிரண்டு வருஷம் அப்படியே நின்று, 2023-இல் 1,200 ஆனது. கேரளத்தில் 2021-இல் 1,600, 2025 நவம்பரிலிருந்து 2,000.

ஆகா, கேரளம் எவ்வளவு தாராளம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கணக்குப் பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தத் தொகையையும் இன்னொன்றால் வகுத்துப் பார்ப்பான். 2021-22-இல் தமிழ்நாட்டு முதியவருக்கு வந்த 1,000 ரூபாயை அந்த ஆண்டின் தமிழ்நாட்டுக் கூலியால் வகுத்தேன். 2.24 நாள். கேரளத்தின் 1,600-ஐக் கேரளக் கூலியால் வகுத்தேன். 2.20 நாள். இரண்டு அரசுகளும் பேசி வைத்துக்கொண்டு செய்த மாதிரி இருக்கிறது! இரண்டு மாநிலங்களிலும் ஏழை முதியவருக்கு அரசு மாதாமாதம் கொடுத்தது, அவருடைய சொந்த ஊரில் ஒரு ஆளின் இரண்டே கால் நாள் உழைப்பை வாங்கும் பணம். மீதி இருபத்தேழு முக்கால் நாளுக்கு அவர் என்ன செய்வார் என்பது எந்த அரசாணையிலும் இல்லை.

தொகையை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் படம் மாறுகிறது. 2023-இல் தமிழ்நாடு உதவித்தொகையை உயர்த்தியபோது பயன்பெற்றவர்கள் முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லாம் சேர்த்து 30 லட்சத்துச் சொச்சம் பேர். கேரளத்தில் நலவாரிய ஓய்வூதியங்களும் சேர்ந்து 60 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத மாநிலம் அது. அங்கே முதியவர்களும் விகிதத்தில் அதிகம்தான். 2021-க்கான மதிப்பீட்டில் கேரளத்தில் அறுபது தாண்டியவர்கள் 16.5 சதவீதம், இங்கே 13.6. ஆனால் அந்த வித்தியாசம் மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்காது. நம் பக்கம் மனு எங்கே தேங்கி நிற்கிறது என்று தாலுகா ஆபீசில் காத்துக் கிடந்தவர்களைக் கேளுங்கள். ஆதரிக்க மகன் இருக்கிறானா என்ற ஒரு கேள்வியில் எத்தனை மனுக்கள் விழுந்திருக்கின்றன என்று அவர்கள் சொல்வார்கள். மகன் இருப்பது வேறு, மகன் சோறு போடுவது வேறு என்பது வி.ஏ.ஓ.வுக்கும் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், தமிழ்நாடு வேறு வழிகளில் கொடுப்பதையும் சேர்க்க வேண்டும். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எழுபது வயசுப் பாட்டி பெரியாஸ்பத்திரிக்குச் சுகர் மாத்திரை வாங்கப் போய்வருவதில் பஸ் காசு மிச்சம் என்பது எந்தப் பராமரிப்புச் செலவுப் புள்ளிவிவரத்திலும் வராது, ஆனால் அந்தப் பாட்டியின் சுருக்குப் பையில் தெரியும்.

அடுத்தது, வீட்டுக்கு வரும் கைகள். இங்கேதான் எனக்குக் கேரளத்தைப் பார்த்துப் பொறாமை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு மலப்புறத்தில் அதை ஊர்க்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர், டீச்சர், ஆட்டோ டிரைவர் என்று சாதாரண மனிதர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களைத் தாங்களே போய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு அதை மாநிலக் கொள்கையாக்கியது, இந்தியாவில் முதல் தடவையாக. பஞ்சாயத்தின் திட்டப் பணத்திலேயே அதற்கு ஒதுக்கீடு. 941 கிராமப் பஞ்சாயத்துகளிலும் படுக்கை நோயாளிகளின் வீடு தேடி நர்ஸ் போகிறார்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எங்கள் சம்பந்தி வீட்டில் அப்படி ஒரு நர்ஸ் வந்ததை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்து ஜீப்பில் வந்தார், கூடவே ஆஷா பணியாளர். உள்ளே வந்தவர் நாடி பிடிக்கவில்லை, பிபி பார்க்கவில்லை. போர்வையை விலக்கி, கிழவியை ஒருக்களித்துச் சாய்த்து, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தைப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, மருமகளைக் கூப்பிட்டு ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நாலாக மடித்து நோயாளியின் இடுப்புக்குக் குறுக்கே அடியில் விட்டு, இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் பிடித்து இழுத்தால் தோல் உராயாமல் எப்படிப் புரட்டலாம் என்று காட்டினார். "இழுக்கண்டா, தூக்கிக் கொடுங்க" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். கதீட்டர் மாற்றினார். ஆஷா நோட்டில் தேதி எழுதிக்கொண்டார். போய்விட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அந்த வேட்டியால் தடுக்கப்பட்டது ஒரு படுக்கைப் புண். புண் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகும் செலவை இங்கே பட்டவர்கள் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலும் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பெரிய காரியம். சுய உதவிக் குழுப் பெண் ஒருத்தர் பையில் பிபி மெஷினும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வருகிறார். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை தவறாமல் கிடைப்பதால் பக்கவாதத்தில் விழாமல் தப்பிப்பவர்கள் இருப்பார்கள், விழாதவர்களை எண்ண முடியாது என்பதால் அது கணக்கில் வராது. ஆனால் வலி தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் நமக்கு வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் போடப்பட்டார்கள். வட்டாரம் என்றால் சுமார் லட்சம் பேர். ஒரு நர்ஸ் எத்தனை வேட்டியை மடிக்க முடியும்?

இவ்வளவு கேட்ட பிறகு, அப்படியானால் கேரளத்துக்கே போய்விடலாம் என்று எழுந்து விடாதீர்கள். அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். தேசிய சுகாதாரக் கணக்கு என்று மத்திய அரசு வெளியிடுகிறது. 2019-20-இல் கேரளத்தில் மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மக்கள் தங்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது. தமிழ்நாட்டில் அது பாதிக்கும் கீழே. பென்ஷனிலும் நர்சிலும் முன்னால் நிற்கும் மாநிலத்தில் ஏன் இப்படி? வயதானவர்கள் அதிகம், சுகரும் கொழுப்பும் அதிகம், தும்மினாலும் தனியார் ஆஸ்பத்திரி என்ற பழக்கமும் அதிகம். வெளிநாட்டுப் பணம் வேறு. 2023-இல் எடுத்த கேரளக் குடிபெயர்வுக் கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர்கள் 22 லட்சம், அனுப்பிய பணம் இரண்டு லட்சம் கோடிக்கு மேல். மகன் துபாயில் இருக்கும்போது அப்பாவை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் யார் நிறுத்துவார்கள்? பத்தனம்திட்டா மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை குறைந்துவிட்டது. அங்கே பணம் இருக்கிறது, பங்களா இருக்கிறது, புரட்டிப் போட ஆள் இல்லை.

மக்களின் மருத்துவச் செலவைக் குறைப்பதில் தமிழ்நாடு முந்தி இருப்பதற்குக் காரணம் கவர்ச்சி இல்லாத ஒரு சமாச்சாரம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, கிடங்குகளில் அடுக்கினார்கள். கேரளம் 2007-இல் அதைப் பார்த்துத்தான் தன் கழகத்தைத் தொடங்கியது. முதுமை மருத்துவமும் இங்கே பழசு. சென்னைப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் அதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். 2024-இல் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் திறந்தார்கள். கண்புரைக்கு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தேடிப் பாலக்காட்டுக்காரர்கள் கோவைக்கு வருகிறார்கள். புற்றுநோய்க்கு நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரம் போகிறார்கள், 1956 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலத்தில்தானே இருந்தன. நோயாளிகளுக்கு எல்லை தெரியாது. கார்டுகளுக்குத்தான் தெரியும்.

அதனால் எல்லை தாண்டிக் குடியேற நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகை, மாநில அரசின் காப்பீட்டு அட்டை, வீட்டுக்கு வரும் நர்ஸ் எல்லாம் முகவரியோடு கட்டப்பட்டவை. எழுபத்தைந்து வயதில் முகவரி மாற்றினால், இங்கே உள்ளது கைவிட்டுப் போய், அங்கே உள்ளது கைக்கு வருவதற்கு நடுவில் நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் இரண்டு அரசும் உங்களுக்கு இல்லை. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் போகலாம், அது இரு பக்கமும் உண்டு. அந்தச் சட்டம் போட்ட உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நாம் முதலில் போட்ட கணக்கில் ஒரு ஷிப்ட்டுக்குக்கூட ஆகாது.

என் யோசனை ஒன்றே ஒன்று. உதவித்தொகையை ரூபாயில் அறிவிப்பதை நிறுத்துங்கள், கூலி நாளில் அறிவியுங்கள். மாதம் ஐந்து நாள் கூலி என்று சட்டமாகப் போட்டுவிட்டால், கூலி ஏற ஏற அதுவும் ஏறும். தேர்தலுக்குத் தேர்தல் இருநூறு ரூபாயைத் தாம்பாளத்தில் வைத்து நீட்ட வேண்டியதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேரளம் 2023-24 பட்ஜெட்டில் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டது. ஊரே கொந்தளித்தது. அதைப் போட்ட பிறகும் பென்ஷன் மாதக் கணக்கில் நிலுவையில் நின்றது. இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டியைக் கையில் ஏந்திக் கடைத்தெருவில் பிச்சைக்கு இறங்கினார்கள், பத்திரிகைகளில் படம் வந்தது. தாராளமாகக் கொடுப்பவனுக்கும் பணம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஆனாலும் அவர்கள் ஒரு வரியைப் பெயர் சொல்லிப் போட்டார்கள், எதற்காக என்று சொல்லிப் போட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு இரண்டு ரூபாயைக் கேட்டால் கொடுப்பீர்களா? வாசலில் நிறைய வண்டிகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். பதிலைச் சொல்லுங்கள், நான் உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன்.